பழைய ராணுவ ஜீப்பில் பெட்ரோல் ஒழுகுகிறதா? ஊசி வால்வைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பி வருகிறீர்கள். பானெட்டுக்குப் பக்கத்தில் வரும்போதே பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறுகிறது. ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் இருமுகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்றினால்தான் கறுப்புப் புகையோடு எழுந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் பழகிய தொல்லை. மெக்கானிக்கைக் கேட்டால், "ஊசி போயிருக்கு சார், மாத்திடலாம்" என்பார். அவர் சொல்வது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைத்துத் திறக்கும் ஊசி வால்வை.

எங்கள் வீட்டு ஜீப்புக்கும் அப்படித்தான் மூன்று முறை ஊசி மாற்றினோம். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாக ஓடும், பிறகு அதே வாசம். நான்காவது முறை நானே கார்புரேட்டரைத் திறந்தேன். ஊசியின் கூம்பு முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, உட்காரும் வளையத்தின் மேல் செம்பழுப்பாக ஒரு செதில் ஒட்டியிருந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. பெட்ரோல் டேங்க்கின் துரு அது. ஊசியில் ஒரு குறையும் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் ஊசியை மாற்றுவது கடைசிப் பக்கம்தான் வரும். பம்பின் அழுத்தம், டேங்க்கின் அழுக்கு, மிதவை, அதற்குப் பிறகு ஊசி என்ற வரிசையில் போங்கள். வரிசையை மாற்றினால் பணமும் போகும், ஒழுகலும் நிற்காது.

பெட்ரோல் போகும் வழி

1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து இந்த ஜீப்பை 6 லட்சத்துக்கும் மேல் செய்தன. யார் செய்ததானாலும் எரிபொருள் ஏற்பாடு ஒன்றுதான். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் 15 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 57 லிட்டர் டேங்க். அங்கிருந்து குழாய் எஞ்சின் பக்கம் வந்து, தடுப்புச் சுவரில் இருக்கும் வடிகட்டிக்குள் நுழைகிறது. அடுத்து, எஞ்சினின் இடது பக்கம் முன்னால் கேம்ஷாஃப்டால் ஓடும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) பம்ப். அதற்கு மேல் கார்ட்டர் டபிள்யூஓ கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு பித்தளை மிதவை உண்டு. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை எழும்பி, ஊசியை அதன் சீட்டுக்குள் (ஊசி முனை போய் உட்காரும் ஓட்டை) தள்ளி வழியை அடைக்கும். மட்டம் இறங்கினால் ஊசியும் இறங்கி வழி விடும். பழைய வீடுகளில் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வைப் பார்த்திருந்தால் இதைப் புரிந்துகொள்ள வேறெதுவும் வேண்டாம். பம்ப் ஒரு பக்கம் தள்ளுகிறது, மிதவை மறுபக்கம் தடுக்கிறது. ஊசி நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பம்ப் அதிகமாகத் தள்ளினாலும், மிதவை கனத்துப்போனாலும், நடுவில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் வழிவது என்னவோ ஊசி வழியாகத்தான். பழியும் அதன்மேல் விழுகிறது.

இந்த எஞ்சினில் கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், இடது பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் அவற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வழியும் பெட்ரோல் த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) ஓரமாகக் கசிந்து, கொதிக்கும் எக்ஸாஸ்ட் இரும்பின் மேல் சொட்டும். ஆகவே "கொஞ்சம்தானே கசியுது" என்று ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் முழுக்க ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். 6 வோல்ட்தானே என்று விட வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அதன் பொறி தாராளமாகப் போதும். திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் குழிக்கு மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. தொங்கும் பல்பு, செல்போன் சார்ஜர், பக்கத்தில் எரியும் விளக்கு எதுவும் வேண்டாம். பவுடர் வகை தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வடியும் பெட்ரோலைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடிக்காமல் தகரப் பாத்திரத்தில் பிடியுங்கள்.

படி 1: எங்கிருந்து ஒழுகுகிறது?

கார்புரேட்டர், பம்ப், குழாய் இணைப்புகள் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே வெள்ளை கருத்துக் கோடு விழும். கண்ணுக்குப் படாத கசிவையும் இது காட்டிக்கொடுக்கும்.

இப்போது ஏர்கிளீனர் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய் தெரியும்படி வையுங்கள். பம்பில் கையால் அடிக்கும் லீவர் இருந்தால் அதை மெதுவாக அடியுங்கள். லீவர் எதிலும் பிடிக்காமல் ஆடினால், கேம் அந்த நேரம் பம்பின் கையைத் தள்ளிப் பிடித்திருக்கலாம். ஹேண்டிலால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். கிண்ணம் நிறையும் வரை லீவரில் ஒரு கனம் தெரியும். நிறைந்து ஊசி மூடியதும் கனம் போய் லீவர் லேசாகிவிடும். அப்படி ஆனால் ஊசி தன் வேலையைச் செய்கிறது. எத்தனை அடி அடித்தாலும் கனம் குறையாமல், வாய்க்குள் நாசில் முனையில் பெட்ரோல் துளிர்த்தால் ஊசி வழியாகத்தான் போகிறது.

வேறு இடத்தில் ஈரம் தெரிந்தால் அதற்கு அர்த்தம் வேறு. பம்பின் அடிப்பகுதியில் உள்ள சின்ன ஓட்டையில் சொட்டினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கார்புரேட்டர் மூடியின் ஓரத்தில் ஈரம் என்றால் கேஸ்கெட் போயிருக்கும், இல்லையென்றால் மூடியே வளைந்திருக்கும். நட்டுகளின் அருகில் என்றால் இணைப்பு சரியில்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டத்தில் எஞ்சின் ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், பேரிங்கைத் தின்றுவிடும். ஒழுகலைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் தனியாகப் பிரித்தறிய மறக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் சொட்டுக்கூட வராமல், ஓட்டி நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில் மட்டும் வாசம் வருகிறது என்றால் அது வால்வின் குறையாக இல்லாமல் இருக்கலாம். மேனிஃபோல்டின் சூடு ஏறிக் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்குகிறது. கார்புரேட்டருக்கு அடியில் தடித்த வெப்பத்தடுப்பு கேஸ்கெட் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். இதற்கு ஊசி மாற்றி ஒரு பயனும் இல்லை.

படி 2: பம்பின் அழுத்தம்

பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு டீ இணைப்புப் போட்டு, 0 முதல் 10 பவுண்டு வரை காட்டும் சின்ன கேஜை மாட்டுங்கள். ஊசியே மோசமாக ஒழுகுகிறது என்றால் எஞ்சினை ஓட்ட வேண்டாம், கை லீவரால் அடித்தாலே போதும். சதுர அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரை பவுண்டு காட்டினால் நிம்மதி. நான்கைத் தாண்டினால் இந்த ஊசி தாங்குவது கஷ்டம். புதிதாக வாங்கிய மாற்று பம்புகளில் டயஃப்ரம் ஸ்பிரிங் கடினமாக இருப்பதுண்டு. "பம்ப் புதுசுதானே" என்று இந்தச் சோதனையை விட்டுவிடுபவர்கள்தான் ஊசிமேல் ஊசியாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங்கைச் சரியானதாக மாற்றுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒரு அழுத்தக் குறைப்பானைக் குழாயில் சேர்த்துவிடுங்கள்.

அடிப்பதை நிறுத்தியதும் கேஜின் முள்ளைக் கவனியுங்கள். மெல்ல இறங்கினால் பரவாயில்லை. சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் ஒன்று ஊசி, இல்லையென்றால் பம்பின் உள்ளே இருக்கும் வால்வு. எது என்று அறிய, கார்புரேட்டருக்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். இப்போதும் விழுந்தால் பம்ப் வால்வுதான்.

பம்பைத் திறப்பதற்கு முன் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் சேர்த்து ஒரு கீறல் போட்டு வையுங்கள், திரும்ப அதே திசையில் பொருத்த உதவும். உள்ளே இருக்கும் வால்வுகள் சின்ன வட்டத் தகடும் மெல்லிய ஸ்பிரிங்கும்தான். தகட்டின் முகத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் திருப்பிப் போட்டுச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். டயஃப்ரம் வாங்கும்போது எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். இப்போது நம் பங்க்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1940-களின் ரப்பரும் கார்க்கும் அதைப் பார்த்ததே இல்லை. பழைய டயஃப்ரம் ஊறி உப்பிவிடும், கார்க் கேஸ்கெட் சுருங்கும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் துருவும் கூடும்.

படி 3: அழுக்கு

தடுப்புச் சுவரில் உள்ள வடிகட்டியின் அடியில் வடிகால் திருகு இருக்கிறது. அதைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடியுங்கள். இந்த ஒரு கிண்ணம் சொல்லும் சேதி வேறெதிலும் கிடைக்காது. செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க் துரு. கறுப்பாக, விரலில் தேய்த்தால் மையாகப் பூசினால், ரப்பர் ஹோஸ் உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது. அடியில் கண்ணாடி மணிகள் போல உருண்டால் தண்ணீர். வெள்ளை நூல் நூலாக இருந்தால் யாரோ டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த நூல் ஒன்று ஊசி சீட்டில் சிக்கினால் போதும், எஞ்சின் ஓட ஓட ஒழுகும்.

1944 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் இந்த ஜீப்புக்காக வெளியிட்ட டிஎம் 9-803 கையேட்டிலும் வடிகட்டி பராமரிப்பு உண்டு. போர்முனையில் செய்த வேலையை வீட்டு வாசலில் நாம் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

துரு நிறைய வந்தால் டேங்க்கைக் கழற்றத்தான் வேண்டும். இருக்கையை எடுத்து, அடித் திருகால் முழுக்க வடித்து, வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசுங்கள். பிறகு ஒரு சின்ன சங்கிலியையும் வெந்நீரையும் உள்ளே போட்டுக் குலுக்கினால் தளர்ந்த துரு உதிரும். மிச்சத்துக்கு சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஒரு நாள் விடலாம். அடுத்து சோடா உப்புக் கரைசலால் கழுவி, உடனே காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் மறுபடி துரு ஏறிவிடும். பெட்ரோல் டேங்க்கில் வெல்டிங், பற்றவைப்பு எதையும் நீங்களே செய்யாதீர்கள். காலியான டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது முழுக்க ஆவி.

படி 4: கார்புரேட்டரைத் திறப்பது

மூடியின் திருகுகளைக் கழற்றியதும் இழுத்துவிடாதீர்கள். டபிள்யூஓ-வில் ஆக்சிலரேட்டர் பம்ப் இணைப்பும், பெட்ரோல் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ராடு என்ற மெல்லிய பித்தளைக் கம்பியும் மூடியோடு சம்பந்தப்பட்டவை. அந்த ராடு வளைந்தால் மைலேஜ் போயே போய்விடும். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள், பிறகு ராடைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றி வையுங்கள். அப்புறம்தான் மூடி. கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், மரக்கட்டையால் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள்.

உங்கள் வண்டியில் கார்ட்டருக்குப் பதில் வேறு கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கலாம். நம் ஊர் ஜீப்புகளில் இது சகஜம். அப்போதும் வேலை இதேதான், மிதவை அளவு மட்டும் அந்தக் கார்புரேட்டருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

மூடியின் முகத்தில் நேரான இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் மூடி வளைந்திருக்கிறது. முன்னால் யாரோ ஓரத் திருகுகளை வெறிகொண்டு இறுக்கியதன் பலன் அது. கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் எமரித்தாளை வைத்து, எட்டு வடிவத்தில் மெல்லத் தேய்த்துச் சமன் செய்யலாம். மிதவையையும் ஊசியையும் கழற்றிய பிறகுதான் தேய்க்க வேண்டும்.

படி 5: மிதவை

மிதவையைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சத்தம் இல்லையென்றாலும் நம்பாமல், கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரில் முழுக்க அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழியாக வரும். ஈயம் பற்றவைத்து அடைக்கலாம். அதற்கு முன் உள்ளே போன பெட்ரோல் ஒரு துளியும் இல்லாமல் வெளியேறியாக வேண்டும். ஓட்டை கீழே பார்க்கும்படி வெந்நீரில் பிடித்துப் பிடித்து வெளியேற்றி, ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே சூடு காட்டுங்கள். ஈயம் கூடினால் மிதவை கனக்கும், மட்டம் மாறும் என்பதால் மிகக் கொஞ்சமாக வையுங்கள். என்னைக் கேட்டால் புது மிதவை வாங்கிவிடுவேன்.

மிதவையின் கீல் பின்னையும் பாருங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் மிதவை ஒருபக்கம் சாய்ந்து கிண்ணச் சுவரை உரசும்.

படி 6: ஊசியும் சீட்டும்

இப்போதுதான் ஊசி. கூம்பு முனையை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல ஊசியில் தலைமுடி போல மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று மட்டும் தெரியும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் படிக்கட்டாக அந்த வளையம் இருந்தால் ஊசி முடிந்தது. வளையம் ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் இல்லாமலும் இருந்தால் சீட்டு கோணலாக இருக்கிறது.

ஊசியை மட்டும் மாற்றாதீர்கள். ஊசியும் சீட்டும் கணவன் மனைவி மாதிரி, சேர்ந்தே வர வேண்டும். பழைய சீட்டின் சிராய்த்த விளிம்பு புது ஊசியை ஒரே வாரத்தில் கீறிவிடும். வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைப் போட்டு ஊசியைத் தேய்த்து உட்காரவைப்பது சிலர் வழக்கம். பித்தளையில் அந்த மணல் புதைந்து, பிறகு தேய்த்துக்கொண்டே இருக்கும். வேண்டாம். முனையில் வைட்டான் ரப்பர் வைத்த ஊசிகள் கிடைக்கின்றன. சின்ன தூசியைக்கூட அணைத்து மூடிக்கொள்வதால் அவற்றைத்தான் நான் போடுகிறேன்.

சீட்டை அதற்குச் சரியாகப் பொருந்தும் அகன்ற ஸ்க்ரூ டிரைவரால் திருகுங்கள். அடியில் ஒரு வாஷர் இருக்கும். பலரும் கவனிக்காத இடம் இதுதான்: வாஷர் சரியில்லை என்றால் பெட்ரோல் ஊசியைத் தொடாமலே, சீட்டின் மரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஊசி புதுசு, மிதவை நல்லது, இருந்தும் வழிகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இந்த வாஷர்தான். எப்போதும் புதியது போடுங்கள், பழையதன் அதே தடிமனில். தடிமன் மாறினால் மிதவை மட்டமும் மாறும்.

படி 7: மட்டம்

கேஸ்கெட் இல்லாமல் மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவை தன் கனத்தில் ஊசிமேல் உட்காரட்டும். மூடியின் முகத்துக்கும் மிதவைக்கும் நடுவே எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மி.மீ. இருக்க வேண்டும். இதற்குத் தனி கேஜ் தேடவேண்டாம், அதே அளவு டிரில் பிட்டின் தண்டை நடுவில் நுழைத்தால் உரசியும் உரசாமலும் போக வேண்டும். இடைவெளி குறைந்தால் கிண்ணத்தில் மட்டம் ஏறும், வழியும். மிதவைக் கையின் நாக்கை மட்டும் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துச் சரிசெய்யுங்கள். மிதவையை ஊசியோடு அழுத்தி வளைக்கக் கூடாது. ரப்பர் முனையில் பள்ளம் விழுந்துவிடும்.

படி 8: மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை

மூடியின் பெட்ரோல் நுழைவாயிலில் ஆறடி நீளமான கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இறுக்கமாக மாட்டுங்கள். மூடியைத் தலைகீழாக ஒரு கிண்ணத்துக்கு மேல் வைத்து, குழாயை நேராக மேலே தூக்கிக் கட்டி, உச்சி வரை மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். ஆறடி மண்ணெண்ணெய் கீழே கொடுக்கும் அழுத்தம் சுமார் இரண்டு பவுண்டு, பம்ப் கொடுக்கும் அளவேதான். மிதவையை ஒரு விரலால் லேசாகத் தொட்டுப் பிடித்தபடி, குழாயில் மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறியுங்கள். ஐந்து நிமிடம் குறி அசையாமல் இருந்தால் மாட்டலாம். இறங்கினால், ஈரம் ஊசி முனையிலா சீட்டின் ஓரத்திலா என்று கண்ணால் பார்த்துவிடலாம். எத்தனையோ மாலைகளை எனக்கு மிச்சப்படுத்திய சோதனை இது.

படி 9: பொருத்துதல்

மூடியின் திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மீட்டரிங் ராடு தன் ஓட்டையில் தானாக வழுக்கி இறங்க வேண்டும், தள்ளக் கூடாது.

குழாய் இணைப்புகளில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. அமெரிக்க வண்டியின் எட்டில் ஒரு அங்குலக் குழாய்மரை என்பிடி என்ற அமெரிக்க வகை, அங்குலத்துக்கு 27 மரை. நம் ஊர்க் கடையில் அதே அளவு கேட்டால் கிடைப்பது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் வகை, அங்குலத்துக்கு 28 மரை. இரண்டு சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும், "சரி, டைட் ஆயிடுச்சு" என்று தோன்றும். உள்ளே மரை சிதைந்துபோயிருக்கும், எத்தனை இறுக்கினாலும் கசியும். சந்தேகம் என்றால் மரை கேஜை வைத்துப் பார்த்து வாங்குங்கள், அல்லது பழைய நட்டை லேத் பட்டறையில் மாதிரியாகக் கொடுத்துக் கடைந்து வாங்குங்கள். கூம்பு மரைக்கு மட்டும் பெட்ரோல் தாங்கும் பசை, அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. முனை விரித்த குழாய் இணைப்புகளுக்கு எதுவும் தடவ வேண்டாம், உலோகத்தோடு உலோகம்தான் அங்கே மூடுகிறது.

படி 10: ஓட்டிப் பார்ப்பது

பேட்டரி இன்னும் கழன்றே இருக்கட்டும். கை லீவரால் கிண்ணத்தை நிறைத்து, லீவர் லேசானதும் நிறுத்துங்கள். த்ராட்டில் ஷாஃப்டுக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் செருகி அரை மணி நேரம் விடுங்கள். காய்ந்த பேப்பர் கையில் வந்தால் அதை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மோந்து பாருங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் குச்சியையும் ஒருமுறை பாருங்கள். இவ்வளவும் சரியென்றால் ஒரு மேட்டில் ஏற்றி, சரிவிலேயே சற்று நிறுத்தி வைத்துப் பாருங்கள். சமதளத்தில் மூடும் மிதவை சாய்ந்தால் மூடாமல் போகலாம், அங்கே வாசம் வந்தால் மட்டத்தையும் கீல் பின்னையும் மறுபடி பார்க்க வேண்டும்.

நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வடிகட்டியின் வடிகால் திருகைத் திறந்து, அதே வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். செம்பழுப்பு இன்னும் வந்தால், டேங்க்கை இன்னொரு முறை கழற்ற வேண்டும்.